பொட்டு வைத்த விளக்கு

மஞ்சளை இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வரச் சொன்னாள் எதிர்வீட்டுத் தில்லையம்மாள். "கையில நல்லா அப்பு. விரல் சந்துல விடாத," என்று சுலோசனாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

கிணற்றடியைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டி மறைப்புப் போட்டிருந்தார்கள். உள்ளே பலகையின் மேல் செல்வாம்பாளை உட்காரவைத்து, முதுகுப்பக்கம் தில்லையம்மாள் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சுலோசனா தன் நாத்தனாரின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெந்து வெளுத்து, நடுவில் கருகியிருந்தன. காலையில் அரைத்த சந்தனம் நகக்கண்ணில் இன்னும் காயாமல் இருந்தது. அதைக் கழுவிவிட்டு மஞ்சளை அப்பினாள். ஒரு பூச்சு போதவில்லை, கறுப்பு தெரிந்தது. மறுபடியும் அப்பினாள்.

"யாரு கேட்டாலும் மாரடைப்புன்னு சொல்லு," என்றாள் தில்லையம்மாள். "பூவும் பொட்டுமா போயிருக்கா, மஞ்சள் பூசறது வழக்கந்தான். யாரும் கையைப் புடிச்சிப் பாக்கப் போறதில்ல."

சுலோசனா அடுத்த விரலுக்கு மஞ்சளைத் தொட்டாள். அவள் கணவன் முருகையனுக்கு அக்கா செல்வாம்பாள். அக்கா என்று மட்டும் சொன்னால் போதாது. தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்து, ஆளாக்கி, பெண் பார்த்துக் கட்டிவைத்தவள். பெண் பார்க்க வந்த அன்று சுலோசனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தம்பிக்குக் கோவம் வரும், ஆனா நிக்காது," என்று ரகசியம்போல் சொன்னாள். பிடித்த கை இதுதான். அழுதால் கை பிசகி மஞ்சள் சரியாக ஒட்டாது என்று சுலோசனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முருகையன் என்று பெயர் சொன்னால் முத்தியால்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது. லைசென்சு என்றால் தெரியும். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்திலேயே பரீட்சை கொடுத்து, வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுக்க லைசென்சு வாங்கியவன். கொடியை இறக்கிக்கொண்டு அவர்கள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. புது சர்க்காரும் அந்த லைசென்சைப் புதுப்பித்துத்தான் கொடுத்திருந்தது. வாசலில் பலகை தொங்கும், ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் தமிழ். கம்பி இழுக்கத் தெரிந்தவர்கள் ஊரில் வேறு பேரும் உண்டு. ஆனால் லைசென்சு போட்டது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பால்காரனிடம் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்கிற ஊர், தட்டானிடம் கல்லில் உரசிக் காட்டு என்கிற ஊர், லைசென்சு போட்ட கம்பியை மட்டும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. பார்த்தாலும் என்ன தெரியப்போகிறது?

ஆயுத பூஜை வந்தால் தச்சன் உளிக்கும் தையற்காரன் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கும் உள்ளதுதான். முருகையன் கம்பி இழுத்த வீடுகளில் மின்சார விளக்குக்கும் வைப்பார்கள். அவனே பழக்கிவிட்ட பழக்கம் அது. "கரண்டும் ஒரு தெய்வந்தான், அதுக்கும் ஒரு பொட்டு வைங்க," என்பான். பெண்கள் பயந்தால், "சுவிட்சை அணைச்சிட்டா அது வெறும் பித்தளை. கொடத்தைத் தொடற மாதிரி தொடலாம்," என்று சொல்லி, குமிழைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிண்ணத்தைத் தானே தொட்டும் காண்பிப்பான். வருஷா வருஷம் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்து, பூஜை முடிந்ததும் லைசென்சு வீட்டுக்குப் பொரியும் கடலையும் தட்டில் வரும். எந்தத் தட்டு எந்த வீட்டுத் தட்டு என்று சுலோசனா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

இன்றுதான் ஆயுத பூஜை. காலையில் செல்வாம்பாள் வீட்டைக் கழுவி முடித்த கையோடு முக்காலியில் ஏறினாள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினாள். மகள் சாந்தி சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கீழே நின்றாள். செல்வாம்பாள் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துடைத்த ஈரம் ஆறுவதற்குள் விளக்கின் பித்தளையை இரண்டு விரலால் பற்றினாள். பற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். சாந்தி கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. ஓடிப்போய் அப்பாவை அழைத்துவந்தாள். கிருஷ்ணசாமி மில்லில் வேலை செய்கிறவர். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளினார். கீழே விழுந்தவளுக்கு மூச்சு இல்லை.

நெஞ்சு வலி என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை தில்லையம்மாளின் கணவர் கன்னியப்பனுடையது. எதிர்வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்து பென்ஷன் வாங்குகிற சிப்பாய், ஊர்ப்பேச்சில் சொல்தா. சட்டதிட்டம் தெரிந்தவர் என்று தெருவில் பேர்.

"கரண்டுன்னு வாயத் தொறந்தா பொலீஸ் வரும்," என்று கிருஷ்ணசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, அறுத்துப் பாத்துட்டுதான் குடுப்பான். அப்புறம் இந்தக் கம்பியைப் போட்டது யாருன்னு கேப்பான். லைசென்சு போவும், ஆளும் உள்ள போவான். செல்வாம்பா போயிட்டா. அவ வளத்த புள்ளையையும் சேத்துக் கொளுத்தணுமா, சொல்லு. சாவுக் கணக்கு எழுதற மேரியில நான் போயி நெஞ்சு வலின்னு எழுதி வெச்சிட்டு வர்றேன்."

கிருஷ்ணசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். சாந்தியைக் கூப்பிட்டு, கேட்டவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கன்னியப்பன் சொல்லிக்கொடுத்தார்.

"மாமா சொன்னதாலதான அம்மா ஏறிச்சி," என்றாள் சாந்தி. கன்னியப்பன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியபோது முருகையன் கோடிப் புடவையோடு வந்தான். பிறந்த வீட்டுக் கோடி போட வேறு ஆள் கிடையாது, அவன்தான் போட வேண்டும். அரக்குச் சிவப்புப் புடவை, நாலு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அக்காவின் மேல் போர்த்திவிட்டு எழுந்திருக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். மஞ்சளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. கிருஷ்ணசாமி அவன் தோளைத் தொட்டு, "எழுந்திரு முருகையா, மத்தவங்க வரணும்," என்றார். குரலில் கோபம் இல்லை.

அவன் கொல்லைப்பக்கம் போனதும் சுலோசனாவும் பின்னாலேயே போனாள். கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"எப்பிடிங்க ஆச்சி?" என்று கேட்டாள்.

"கம்பி மேல சுத்தியிருக்கிற நூலு நைஞ்சி போயிருக்கு. உள்ள இருக்கிற கம்பி பித்தளையைத் தொட்டிருக்கு."

"சுவிட்சை அணைச்சிட்டுதான ஏறினாங்க."

அவன் மறுபடியும் கையைக் கழுவினான். பிறகு அவளைப் பார்க்காமலேயே சொன்னான். "கரண்டு வர்ற கம்பி ஒண்ணு, திரும்பிப் போற கம்பி ஒண்ணு. வர்ற கம்பியிலதான் சுவிட்சு வெக்கணும். நான் போற கம்பியில வெச்சிருக்கேன். அணைச்சா வெளக்கு அணையும். கரண்டு மட்டும் வெளக்கு வரைக்கும் வந்து நின்னுக்கிட்டே இருக்கும்."

"ஏன் அப்பிடி வெச்சீங்க?"

"கம்பி கொஞ்சம் மிச்சமாவும். வேலையும் சுருக்க முடியும். அப்ப தெருத்தெருவா கூப்புட்டாங்க, நின்னு செய்ய நேரமில்ல. நான்தான் எல்லாருக்கும் தொட்டுக் காட்டுனேனே. நூலு நல்லாருந்த வரைக்கும் ஒண்ணும் ஆவல."

"மத்த வூடுங்கள்ல?"

"எல்லா வூட்லயும் இப்பிடித்தான்."

சுலோசனா கிணற்றின் துலாக்காலைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வீட்டில் அவனுடைய குறடையும் ஏணியையும் துடைத்து வைத்துவிட்டு, அவளும் முக்காலியில் ஏறி விளக்கைத் துடைத்திருந்தாள். ஈரத்துணிதான். இதே இரண்டு விரல்தான்.

"நம்ம வூட்ல?" என்றாள்.

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான். "நம்ம வூட்டுக்கு நிதானமா போட்டேன்," என்றான்.

தெரியாமல் நடந்துபோன தப்பு என்று இந்த நிமிஷம் வரை நினைத்திருந்தாள். கை அவசரம், கண் மறதி, யாருக்கும் வரக்கூடியது. இப்போது அப்படி நினைத்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. எது சரி என்று தெரிந்துதான் தன் வீட்டுக்கு ஒரு மாதிரியும் ஊருக்கு ஒரு மாதிரியும் போட்டிருக்கிறான். அதில் கூடப் பிறந்தவளின் வீடும் ஊர்க்கணக்கில் போய்விட்டது.

"அக்கா வூட்ல மாத்திடணும்னு நெனச்சிக்கிட்டேதான் இருந்தேன்," என்றான், அவள் நினைத்தது காதில் விழுந்ததுபோல. "நம்ம வூடுதான, அப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

"சாயந்திரம் பூசைக்கு எல்லாரும் வெளக்கைத் தொடைப்பாங்க. போயி சொல்லிட்டு வாங்க."

"கோடி போட்டவன் பாடையோட போவலன்னா ஊரு என்னா பேசும்? எடுத்துட்டு வந்ததும் நானே ஒவ்வொரு வூடா போயி, சும்மா பாக்க வந்தேன்னு சொல்லி மாத்திடறேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

"அதுக்குள்ள பூசை முடிஞ்சிடும்."

"ஒரு வூட்ல ஆனா எல்லா வூட்லயும் ஆவுமா? இத்தினி வருஷம் ஆவலயே. நீ வாயை வெச்சிக்கிட்டு சும்மா இரு, சுலோசனா. இந்த லைசென்சு போச்சின்னா நீயும் நானும் புள்ளைங்களும் எதைத் திங்கிறது?"

கோபமாகத்தான் ஆரம்பித்தான். முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. துலாக்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அக்காவைப் பறிகுடுத்தும் மாமா என்னை ஒரு வார்த்தை கேக்கலடி. அடிச்சிருந்தாக்கூடத் தேவலாம்," என்று அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் மேல் இரக்கம் வந்தது, வெறுப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது பாடையைத் தூக்கினார்கள். பிணம் கிடந்த தெருவில் அதுவரைக்கும் அடுப்பு எரியவில்லை, பூஜையும் கிடையாது என்று ஆகிவிட்டது. அடுத்த தெருவில் அப்படி இல்லை. சங்கும் பறையும் முனை திரும்பித் தேய்ந்துகொண்டு போகும்போதே அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பூஜை மணியைத் துலக்கி அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. சாந்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் கூடத்தைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். சுலோசனா தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையைப் பிழியாமல் வெளியே வந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் தில்லையம்மாள்.

"வூட்டுக்கு."

தில்லையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "பொம்பளைங்க வாயில போவக்கூடாது குடும்பம். சொல்லிட்டேன்," என்றாள். சுலோசனா செருப்பைத் தேடாமல் நடந்தாள்.

அவளுடைய தெருவில் முனையிலேயே அங்கம்மாளின் வீடு. வாசலில் செம்மண் பட்டை இழுத்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. அங்கம்மாள் மாவிலைத் தோரணத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவள், சொட்டச் சொட்ட வருகிறவளைப் பார்த்துத் துணுக்குற்றாள்.

"என்னாடி சுலோசனா, எழவு வூட்லேந்து நேரா வர்ற. நாளும் கெழமையுமா. அங்கயே நில்லு."

சுலோசனா கோலத்துக்கு வெளியே நின்றாள். "வெளக்கைத் தொடாதீங்க, பெரிம்மா."

"எந்த வெளக்கை?"

"கரண்டு வெளக்கை. இந்த வருஷம் பொட்டு வெக்க வாணாம்."

"வருஷா வருஷம் வெக்கிறதுதான. உம் புருஷன்தான சொல்லிக் குடுத்தாரு." அங்கம்மாளின் முகம் இளகியது. "நாத்தனா போன துக்கம் உனக்கு. பெத்தவ மாதிரி இருந்தா. போயி எதையாச்சும் குடிச்சிட்டுப் படு. லைசென்சு போட்ட வெளக்கு, அது பாட்டுக்கு இருக்கு. அதுக்கு என்னா ஆவப்போவுது?"

கதவு திறந்திருந்தது. உள்ளே அங்கம்மாளின் மருமகள் சந்திரகலா, கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலியின் மேல் நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி. இன்னொரு கை ஜன்னல் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.

சுலோசனா கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கம்மாள் பிடிக்க வந்த கை ஈரப் புடவையில் வழுக்கிவிட்டது. சந்திரகலாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். சந்தனக் கிண்ணம் உருண்டு சாமி படத்துக்குக் கீழே போய் நின்றது.

"தீட்டோட வந்து பூசை வூட்ல," என்று அங்கம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். "உனக்கு நாங்க என்னாடி கெடுதல் பண்ணோம்."

"எங்க அண்ணிக்கு நெஞ்சு வலி இல்ல, பெரிம்மா," என்றாள் சுலோசனா தரையில் இருந்தபடியே. "இதே மாதிரி ஏறி, இதைத் தொட்டுதான் செத்தாங்க. சுவிட்சை அணைச்சிட்டுதான் தொட்டாங்க."

சந்திரகலா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். அங்கம்மாள் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அதைச் சரியாகப் பார்க்கிறவள்போல வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப, போட்டதுலயே கோளாறா?"

"ஆமா."

"எங்க வூட்லயுமா? யாரு சொன்னா?"

"போட்டவருதான் சொன்னாரு."

அங்கம்மாள் அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். தீட்டு அவளுக்கும் மறந்துபோயிற்று. "என்னா சொல்றோம்னு தெரிஞ்சிதான் சொல்றியாடி? இது வெளிய போனா உம் புருஷன் பொழப்பு என்னாவும்?"

"பீஸ் கட்டையைப் புடுங்கி வெச்சிடுங்க," என்றாள் சுலோசனா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே. "அவரு வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "வேற யாராச்சும் வந்து பாக்கிற வரைக்கும் போடாதீங்க."

அடுத்த வீட்டில் வாசலில் நின்றே சொன்னாள். அதற்கு அடுத்ததிலும் சொன்னாள். ஒரு வீட்டில் நம்பவில்லை. அங்கம்மாள் பின்னாலேயே வந்து ஆமாம் என்று தலையாட்டியதும் நம்பினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர், "சொந்த அக்கா வூட்லயேவா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்ததைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டு வருகிற வீடுகளை நினைவு வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கும் அதற்கு அப்பாலும் போனாள். பாதி தூரம் போனதும் அவள் வாயைத் திறக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. சேதி முன்னால் ஓடிவிட்டிருந்தது. பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ முதுகுக்குப் பின்னால், "எத்தினி உசுரு போயிருக்கும், பாவிங்க," என்றார்கள். பாவிங்க என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது அவளுக்குக் காதில் விழத்தான் செய்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளை விடுமுறைக்கு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் மணைப்பலகையின் மேல் குறடும் திருப்புளியும் துடைத்து வைத்தபடி இருந்தன. புடவையை மாற்றிக்கொண்டாள். இருட்டிவிட்டதே என்று கை தானாகப் போய் வாசல் விளக்கின் சுவிட்சைப் போட்டது. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுடுகாட்டிலிருந்து வருகிறவன் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

அப்போதுதான் தெருவைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் குத்துவிளக்கும் அகலும்தான் எரிந்தன; மின்சார விளக்கு அவள் வாசலில் மட்டும்தான். பூஜை முடிந்துவிட்ட நேரம்தான். ஒரு வீட்டிலிருந்தும் பொரித் தட்டு வரவில்லை.

முருகையன் முனை திரும்புவது தெரிந்தது. தலை இன்னும் ஈரமாக இருந்தது, தோளில் துண்டு. அங்கம்மாள் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எப்போதும் அவனை லைசென்சு என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்பளக்கிறவர்கள் இப்போது நகர்ந்து வழிவிட்டார்கள். அவன் நடை தளர்ந்தது. இருண்டு கிடந்த ஒவ்வொரு வீட்டையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். வாசல்களில் நின்றவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றான். சுலோசனா செம்பை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த குமிழை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு அடி பின்னால் போய், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.